செரிமானத்தை வாயிலிருந்து தொடங்க வேண்டாம்

செரிமான மண்டலம் நடத்தப்போகிற ஆசிரியர்கள் யாராவது யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: வாயிலிருந்து தொடங்காதீர்கள். புத்தகம் வாயில் தொடங்கி ஆசனவாயில் முடிக்கிறது, உணவு போகிற வழி அதுதான், தப்பில்லை. ஆனால் அப்படி நடத்தும்போது பிள்ளைகளுக்குள் கேள்வியே எழாமல் விடைகள் மட்டும் வரிசையாக வந்துகொண்டிருக்கும். உமிழ்நீரில் அமைலேஸ், இரைப்பையில் பெப்சின், கணையத்திலிருந்து டிரிப்சின், லிப்பேஸ் என்று உணவை உடைக்கிற நொதிகளுக்கு அட்டவணை போடுவார்கள், நன்றாக ஒப்பிக்கவும் செய்வார்கள். "சரி, எதுக்கு இத்தனை நொதி? தின்னதை அப்படியே உடம்பு எடுத்துக்கிட்டா என்ன?" என்று கேட்டால் வகுப்பில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கேள்விக்கான விடை சிறுகுடலின் சுவரில் இருக்கிறது. அதனால் நான் சுவரில் தொடங்குகிறேன், அப்புறம்தான் வாய்க்கு வருகிறேன்.

நான் இருப்பது கோத்தகிரிப் பக்கம், ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பாடம். பிள்ளைகளில் சிலர் சுற்றியுள்ள படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்து வருகிறவர்கள், சிலர் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து. லைன் பிள்ளைகளில் பலருடைய தாத்தா பாட்டி 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள். ஆய்வகம் என்றால் ஓர் அலமாரி, அதில் சோதனைக் குழாய்கள், ஒரு வெப்பமானி, ஸ்பிரிட் விளக்கு. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த அலமாரியையும் ஒரு மளிகைக் கடையையும் ஒரு மருந்துக் கடையையும் வைத்தே செய்யக்கூடியவை.

முதல் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கச் சொல்வதில்லை. ஆளுக்கொரு தாள், அதில் மனித உடம்பின் வெளிக்கோடு மட்டும். "நேத்து சாயங்காலம் டீயில வர்க்கியைத் தொட்டுத் தின்னீங்கல்ல, அந்த வர்க்கி எங்க போச்சு, டீ எங்க போச்சு, வரைங்க." பெயர் எழுத வேண்டாம், மதிப்பெண்ணும் இல்லை. அந்தத் தாள்களை அன்றைக்கே திருத்திவிடாதீர்கள், அது ரொம்ப முக்கியம். எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் நிதானமாகப் பாருங்கள், எதை நடத்த வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். தொண்டையிலிருந்து இரண்டு குழாய், ஒன்று சோற்றுக்கு, ஒன்று தண்ணீருக்கு. தொப்புளுக்கு நேராக ஒரு பெரிய பானை, அதுதான் வயிறு, அதோடு எல்லாம் முடிந்தது. டீ நேராகச் சிறுநீர்ப்பைக்குப் போகிற ஒரு கோடு. கல்லீரலுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வருகிற உணவு. வருடா வருடம் இவை வரும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் தாளிலும் வரும், ஏனென்றால் இவை அவர்கள் சொந்தமாக யோசித்துக் கண்டுபிடித்தவை. நாம் பாடம் நடத்தியவுடன் இவை போய்விடுவதில்லை, பாடத்துக்கு அடியில் அப்படியே உட்கார்ந்திருக்கும், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எடுத்துப் பேசினால்தான் போகும்.

அடுத்தது முட்டை. வெள்ளை வினிகரில் ஒரு பச்சை முட்டையை முழுதும் மூழ்கும்படி போட்டு வைத்தால் ஓடு கரைந்து, உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வோடு முட்டை நிற்கும். சமவெளியில் ஒரு நாளில் ஆகிவிடும் வேலை, நம் குளிரில் இரண்டு நாள் எடுக்கலாம், நடுவில் ஒரு முறை வினிகரை மாற்றிவிடுங்கள். இரண்டு மூன்று முட்டையாகப் போடுங்கள், ஒன்றாவது கையில் உடையும். கழுவி ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்தால் மறுநாள் முட்டை உப்பிப் பெரிதாகியிருக்கும். தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வெள்ளைக்கரு வெளியே வந்திருக்கிறதா என்று டம்ளரைப் பார்க்கச் சொல்லுங்கள். வராது. தண்ணீர் மூலக்கூறு சின்னது, சவ்வைத் தாண்டுகிறது. வெள்ளைக்கருவில் இருக்கிற புரதம் பெரியது, தாண்டவில்லை.

இப்போது கேளுங்கள்: "சத்துணவுல தின்னீங்களே முட்டை, அந்த வெள்ளைக்கரு உங்க குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்கு எப்படிப் போச்சு?" இதற்குக் கொஞ்ச நேரம் விடுங்கள், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். "வெட்டணும் மிஸ்" என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். அந்தச் சொல் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வந்துவிட்டால் நொதி என்ன வேலை செய்கிறது என்பதில் பாதி நடத்தியாகிவிட்டது. புரதத்தை அமினோ அமிலமாக, மாவுச்சத்தை குளுக்கோஸாக, கொழுப்பைக் கொழுப்பு அமிலமாக வெட்டுவதெல்லாம் சுவரைத் தாண்டுவதற்காகத்தான். முட்டைச் சவ்வும் குடல் சுவரும் ஒன்றல்ல, குடல் சுவரில் இருப்பவை உயிருள்ள செல்கள், எதை எடுப்பது என்று தேர்ந்தெடுக்கிற வாயில்கள் அவற்றில் உண்டு என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் வேறு ஆசிரியர் சிரமப்படுவார்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன், பிள்ளைகள் அசந்துபோவார்கள். வாயிலிருந்து ஆசனவாய் வரை இரண்டு முனையும் திறந்த ஒரே குழாய். குழாய்க்குள் இருக்கிற வரைக்கும் உணவு இன்னும் உடம்புக்குள் வரவில்லை, உடம்பின் நடுவே கடந்து போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தம்பியோ தங்கையோ நாணயத்தை முழுங்கி மறுநாள் அது அப்படியே வெளியே வந்த கதை எந்த வகுப்பிலும் ஒன்றிரண்டு கிடைக்கும், கொய்யா விதையும் அப்படித்தான். அந்தக் கதைகளைச் சொல்லவிட்டால் வகுப்பு கொஞ்சம் சத்தமாகும், ஆகட்டும்.

சிறுகுடலின் நீளம் சுமார் 6 மீட்டர். எங்கள் வகுப்பறை 20 அடி, கயிற்றைச் சுவருக்குச் சுவர் பிடிக்கச் சொன்னால் சரியாக வந்துவிடும். அகலம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். வெறும் வழவழப்பான குழாயாக இருந்தால் உள்பரப்பு எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்லுங்கள், அரை சதுர மீட்டருக்கும் கீழே வரும், ஒரு பெஞ்சின் மேல்பலகை அளவு. உண்மையில் இருப்பது ஏறக்குறைய 30 சதுர மீட்டர். டென்னிஸ் மைதானம் அளவு என்று நாம் எல்லோரும் படித்து வந்தோம். 2014-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கவனமாக அளந்து அது மிகை, அரை பேட்மின்டன் மைதானம் அளவுதான் என்று காட்டிவிட்டார்கள். அரை சதுர மீட்டர் எப்படி 30 ஆகிறது என்பதற்குத் தேங்காய்ப்பூ துண்டு போதும். அதே அளவு வேட்டித் துணியையும் அதையும் தனித்தனியாக நனைத்துப் பிழிந்து, எதில் அதிகத் தண்ணீர் என்று அளக்கவைத்தால், குடல் சுவரின் உள்பக்கம் சின்னச் சின்ன விரல்கள் போல நீட்டிக்கொண்டிருக்கிற குடல் உறிஞ்சிகள் எதற்கு என்பதை நாம் விளக்கவே வேண்டாம்.

இப்போதுதான் வாய். இதில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மலைப் பள்ளிகளில் பலர் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு, வரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

மாவுச்சத்தோடு அயோடின் சேர்ந்தால் கருநீலம். உமிழ்நீர் மாவுச்சத்தை உடைத்துவிட்டால் அந்த நிறம் வராது. புத்தகத்தில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று போட்டிருக்கும். எங்களுக்கு இந்தப் பாடம் பெரும்பாலும் பனிக்காலத்தில் வரும், காலையில் வகுப்பறைக்குள் 10 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், சோதனைக் குழாயைத் தொட்டாலே விரல் விறைக்கும். உமிழ்நீர் நொதி நம் உடம்புச் சூட்டில், 37 டிகிரியில், வேலை செய்யப் பழகியது. குளிரில் அது சாவதில்லை, மெதுவாகிறது. பாடவேளை முடிகிற வரைக்கும் கருநீலம் மாறாமல் இருந்தால் பிள்ளைகள் உமிழ்நீர் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒரு ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீர் கொண்டு போங்கள். பச்சைத் தண்ணீர் கலந்து வெப்பமானியில் 37, 38 வரும்படி ஒரு பாத்திரத்தில் வைத்து, குழாய்களை அதில் நிறுத்துங்கள். பாத்திரத்தை ஒரு பழைய ஸ்வெட்டரால் சுற்றிவிட்டால் சூடு நிற்கும். அது முடியாவிட்டால் குழாயை இறுக மூடி அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நன்றாகவே வேலை செய்யும். அப்புறம் அதே கலவையில் இன்னொரு குழாயை ஜன்னல் ஓரத்தில் குளிரில் விடுங்கள். சமவெளி ஆசிரியர்கள் ஐஸ் வாங்கிச் செய்ய வேண்டிய ஒப்பீடு நமக்குச் சும்மா கிடைக்கிறது. மூன்றாவது குழாயில் கொதிக்கவைத்து ஆறவைத்த உமிழ்நீர், நான்காவதில் உமிழ்நீரே இல்லாமல் வெறும் தண்ணீர். சூட்டில் இருப்பது நிறம் இழக்கும், ஜன்னலோரக் குழாய் மாறாமல் நிற்கும், அதையே எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் அதுவும் மாறும். கொதிக்கவைத்தது எத்தனை நேரம் சூட்டில் வைத்தாலும் மாறாது. குளிரில் நொதி வேகம் குறைகிறது, கொதித்தால் அழிந்துபோகிறது, இந்த வித்தியாசத்தை ஒரு பிள்ளை தானாகச் சொல்லும்போது இருக்கிற சந்தோஷம் பெரிது.

மாவுச்சத்துக்கு வடிகஞ்சி நல்லது, ஆனால் இங்கே வீடுகளில் பெரும்பாலும் குக்கர் சோறுதான், கஞ்சி வடிப்பது குறைவு. உருளைக்கிழங்கு நம் ஊரிலேயே விளைகிறது. துருவி, தண்ணீரில் அலசி, துணியில் பிழிந்து, அந்தத் தண்ணீரைத் தெளியவிட்டால் அடியில் வெள்ளையாக மாவு படியும். அதில் அரைத் தேக்கரண்டி எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொதிக்கவிடுங்கள். பச்சை மாவை உமிழ்நீர் சுலபத்தில் தொடாது, வெந்திருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்துவிடுங்கள், கண்ணாடி வழியே அந்தப் பக்கம் தெரிகிற அளவு போதும்.

அயோடின் ஆய்வகத்தில் தீர்ந்துபோயிருந்தால் மருந்துக் கடையில் புண்ணுக்குப் போடுகிற போவிடோன் அயோடின் வாங்கி வைக்கோல் நிறம் வருகிற வரை நீர்க்கவைத்துக்கொள்ளலாம். இரண்டு எச்சரிக்கை. சூடான கஞ்சியில் அயோடின் விட்டால் கருநீலம் வராது, வந்தாலும் மறையும், ஆறினால் திரும்பி வரும். அதைப் பார்த்துவிட்டு உமிழ்நீர் போடாத குழாயிலும் செரித்துவிட்டது என்று குழம்புவார்கள், அதனால் சோதிக்கிற சொட்டை ஆறவைத்துச் சோதிக்க வேண்டும். இன்னொன்று, நெல்லிக்காயோ எலுமிச்சையோ வாயில் போட்டுக்கொண்டு வந்த பிள்ளையின் உமிழ்நீர். வைட்டமின் சி அயோடினின் நிறத்தை எடுத்துவிடும். வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அவரவர் உமிழ்நீர் அவரவர் குழாயில், கழுவுவதும் அவர்களே.

இரைப்பையில் நான் அதிக நேரம் நிற்பதில்லை. கையை வைத்துக் காட்டச் சொன்னால் எல்லோரும் தொப்புளில் வைப்பார்கள், அதை இடது பக்கம் விலா எலும்புக்கு அடியில் தூக்கிவைக்கச் சொல்வேன். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. ஆனால் அல்சரைப் பற்றிப் பேசாமல் தாண்டக் கூடாது, அது எல்லார் வீட்டிலும் இருக்கிற சொல். சாப்பிடாமல் இருந்தால் வரும், காரம் தின்றால் வரும் என்றுதான் கேட்டிருப்பார்கள். பெரும்பாலான இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற பாக்டீரியா. ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு மருத்துவர்கள் அதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை, அமிலத்தில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று கேட்டார்கள். 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார், சில நாளில் இரைப்பை அழற்சி வந்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இந்தக் கதைக்கு வகுப்பு முழுதும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். கதையோடு நிறுத்தாமல் இரண்டாவது காரணத்தையும் சொல்லுங்கள்: வலி மாத்திரை. நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறித்துவிட்டு வருகிற அம்மாக்கள் உடம்பு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் போட்டுக்கொள்வது நடக்கிறது. பிள்ளை போய் வீட்டில் சொல்லும்.

கல்லீரல், கணையம் படத்தில் பிள்ளைகளுக்குத் தடுமாற்றம் வருவது அவை குழாயோடு ஒட்டி வரையப்பட்டிருப்பதால். மெயின் ரோட்டில் உணவு போகிறது, இவை இரண்டும் பக்கத்துக் கிளைப் பாதைகள், அங்கேயிருந்து சாறு வரும், உணவு அந்தப் பக்கம் போகாது. நான் கரும்பலகையில் முதலில் ஒரே நிறத்தில் குழாயை மட்டும் வாயிலிருந்து கடைசி வரை கையை எடுக்காமல் வரைவேன், அப்புறம் வேறு நிறச் சாக்கட்டியில் உமிழ்நீர்ச் சுரப்பி, கல்லீரல், பித்தப்பை, கணையம். பரிட்சையிலும் இதே வரிசையில் வரைந்தால் பெருங்குடல் சிறுகுடலைச் சுற்றி நிற்பதை மறக்கமாட்டார்கள், மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான். பித்தநீரில் செரிமான நொதி கிடையாது, அது கொழுப்பைச் சின்னச் சின்னத் துளியாக்குகிறது. பாட்டில் தண்ணீரில் கொஞ்சம் எண்ணெய், பாத்திரம் கழுவுகிற திரவம் இரண்டு சொட்டு, ஒரு குலுக்கு, முடிந்தது.

பெருங்குடலுக்கு வரும்போது வகுப்பின் குணமே மாறிவிடும். சிரிப்பு, தலையைக் குனிந்துகொள்வது, பின்பெஞ்சில் ஒரு சத்தம். ஆசிரியர் அந்த இடத்தைச் சட்டென்று தாண்டிவிட்டால் பிள்ளைகளும் அது பேசக் கூடாத இடம் என்று முடிவு செய்துவிடுவார்கள். மலம், ஆசனவாய், வாயு என்று மற்ற சொற்களைப் போலவே நேராகச் சொல்லுங்கள், குரலைத் தாழ்த்த வேண்டாம். இரண்டாம் முறை சொல்லும்போது சிரிப்பு பாதியாகிவிடும். மேசையில் ஓர் அட்டைப்பெட்டி வைத்து, பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடச் சொல்லுங்கள். அவரைப் பருப்புக் குழம்பு சாப்பிட்டால் ஏன் வாயு வருகிறது என்ற கேள்வி எங்கள் பெட்டியில் வராமல் இருக்காது. அவரை, பீன்ஸ் விதைகளில் இருக்கிற சில சர்க்கரைகளை உடைக்கிற நொதி மனிதக் குடலில் இல்லை. உடைக்க முடியாததால் சுவரைத் தாண்ட முடியவில்லை, தாண்ட முடியாதது பெருங்குடலுக்குப் போகிறது, அங்கே பாக்டீரியா அதைச் சாப்பிட்டு வாயுவை விடுகிறது. ராத்திரி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் குறையும்.

பீட்ரூட் சோதனையை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். நம் மலையில் விளைகிற காய், எல்லா வீட்டிலும் வாங்குவார்கள். ஒரு வேளை நிறைய பீட்ரூட் பொரியல் சாப்பிட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், மலத்தில் சிவப்பு எப்போது தெரிகிறது என்று பார்த்து அதையும் குறித்து, பெயரில்லாத சீட்டில் மணிக்கணக்கை மட்டும் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். விருப்பமில்லாதவர் செய்ய வேண்டாம். முதலிலேயே வீட்டுக்கும் சொல்லி அனுப்புங்கள், சிவப்பைப் பார்த்து ரத்தம் என்று பயந்துவிடக் கூடாது, சிலருக்குச் சிறுநீரும் இளஞ்சிவப்பாகப் போகும், அதுவும் பீட்ரூட்தான். சீட்டுகளைக் கரும்பலகையில் எழுதினால் சிலருக்கு மறுநாள் காலையிலேயே, சிலருக்கு இரண்டு மூன்று நாள் என்று பரந்து கிடக்கும். எல்லாமே சாதாரணம்தான். இரைப்பையில் சில மணி நேரம், சிறுகுடலில் சில மணி நேரம், மீதி அத்தனையும் பெருங்குடலில்.

அங்கே என்ன நடக்கிறது? ஒரு நாளில் நாம் குடிப்பது சுமார் 2 லிட்டர், உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர் என்று உடம்பே குழாய்க்குள் ஊற்றுவது சுமார் 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் பெரும்பகுதியைச் சிறுகுடலே திரும்ப எடுத்துக்கொள்கிறது, மிச்சம் ஒன்று ஒன்றரை லிட்டரைப் பெருங்குடல் எடுக்கிறது, வெளியே போவது ஒரு டம்ளர்கூட இல்லை. டீ சிறுநீர்ப்பைக்கு நேராகப் போகிறது என்று வரைந்த பிள்ளைக்கு விடை இதில் இருக்கிறது: குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்கு, ரத்தத்திலிருந்து சிறுநீரகத்துக்கு, அப்புறம்தான் பைக்கு.

இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு நான் இன்னொன்றும் பேசுவேன். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண் பிள்ளைகள் நிறைய. மலத்தையும் அடக்கிக்கொள்கிறார்கள். அடக்க அடக்கப் பெருங்குடல் அதிலிருந்து தண்ணீரை எடுத்துக்கொண்டே இருக்கும், இறுகிப்போகும், அடுத்த முறை வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவார்கள். குளிரில் தாகமும் தெரியாது. இது பாடத்துக்கு வெளியே இருக்கிற விஷயம் இல்லை, பாடமே இதுதான். பெருங்குடலைப் பற்றிப் படம் வரையவைத்துவிட்டு, கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் விட முடியாது. தலைமையாசிரியரிடம் போய்க் கேளுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுதிக் கொடுங்கள், அறிவியல் ஆசிரியர் காரணத்தோடு கேட்கும்போது மறுப்பது கடினம்.

செல்லுலோஸ் வரும்போது ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொல்லலாம். தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை படுத்துக்கொண்டு அசைபோடுவதை இந்தப் பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறார்கள். நாலு அறை இரைப்பை, முதல் அறையில் நுண்ணுயிர்கள், புல்லை உடைக்கிறவை அவைதான். யானைக்கு அந்த ஏற்பாடு இல்லை, நுண்ணுயிர்கள் பின்குடலில்தான், அதனால் யானைச் சாணத்தில் நாரும் விதையும் அப்படியே கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் போதும், இரண்டிடமும் கிட்டப் போகக் கூடாது என்று அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையை இந்தப் பாடத்தோடு சேர்த்துத்தான் நடத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாராவாரம் பள்ளியில் அந்த நீல மாத்திரை கொடுக்கிறோம், எத்தனை பேர் உண்மையில் முழுங்குகிறார்கள்? ஜன்னலுக்கு வெளியே போவது, பைக்குள் போவது எல்லோருக்கும் தெரியும். வாங்கிக்கொண்டு முழுங்காத பிள்ளையை அதட்டுவதால் பயனில்லை, காரணத்தைக் கேட்டால் சொல்வார்கள்: வாந்தி வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. இரண்டுக்கும் விளக்கம் பாடத்திலேயே இருக்கிறது. சுவர் எடுத்துக்கொள்ளாமல் மிஞ்சிய இரும்புதான் கறுப்பு நிறம், ஒன்றும் ஆகாது. குமட்டல் வெறும் வயிற்றில் அதிகம். காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிக்குத்தான், நம் பிள்ளைகள் ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஒரு டம்ளர் டீயோடு ஓடி வருகிறவர்கள். அதனால் மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள்.

டீயைப் பற்றி இங்கே கவனமாகப் பேச வேண்டும். டீயில் இருக்கிற டானின் வகைப் பொருள்கள் கீரை, பருப்பு, ராகியில் உள்ள இரும்போடு ஒட்டிக்கொண்டு அதைச் சுவர் தாண்டவிடாது. ஆனால் டீ கெடுதல் என்று இந்த வகுப்பில் சொல்லக் கூடாது. அம்மா பறிக்கிற கொழுந்தில்தான் அந்தப் பிள்ளையின் யூனிஃபார்ம் வந்திருக்கிறது. நேரத்தை மட்டும் மாற்றச் சொன்னால் போதும்: சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம், மாத்திரைக்கும் அப்படியே. சாப்பாட்டோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாக ஏறும். குடற்புழு மாத்திரையும் இதோடு சேர்ந்ததுதான், கொக்கிப்புழு குடல் சுவரைக் கடித்துக்கொண்டு ரத்தத்தையே குடிக்கிறது என்று தெரிந்த பிள்ளை அல்பெண்டசோலை மறுக்காது.

கடைசி வகுப்பை உப்பு சர்க்கரைக் கரைசலுக்கு வைத்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் லைன் வீடுகளில் வயிற்றுப்போக்கு வரத்தான் செய்கிறது, வீட்டில் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பல நேரம் என் வகுப்பில் இருக்கிற அக்காக்கள்தான். வயிற்றுப்போக்கின்போது வெறும் தண்ணீரைக் குடல் சரியாக எடுத்துக்கொள்ளாது. குடல் சுவரில் ஒரு வாயில் இருக்கிறது, குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும், அவற்றோடு தண்ணீரும் உள்ளே போய்விடும். 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இந்த வழியைச் சொன்னார். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பான்காவ் அகதிகள் முகாமில் காலரா, நரம்பில் ஏற்றுகிற திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்து, உறவினர்களையே கொடுக்கச் சொன்னார், ஏராளமான பேர் பிழைத்தார்கள்.

வகுப்பிலேயே கலக்கவைப்பேன். ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது, உப்பு கூடினால் ஆபத்து, சர்க்கரை கூடினால் போக்கு அதிகமாகும். கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டு வேறு கலக்க வேண்டும். நம் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் கொதி வந்த பிறகும் மூன்று நிமிடம் விட்டு ஆறவைத்துக் கலக்கட்டும். ஓஆர்எஸ் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும், கையில் இருந்தால் அதுதான் முதலில். மலத்தில் ரத்தம் வந்தாலோ, குழந்தை குடிக்கவே முடியாமல் சோர்ந்து கிடந்தாலோ வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

போன முறை பெட்டியில் ஒரு சீட்டு: "மிஸ், சர்க்கரை இல்லன்னா கஞ்சித் தண்ணியில உப்பு போட்டுக் குடுக்கலாமா? பாட்டி அப்படித்தான் செய்வாங்க." கொடுக்கலாம், நீர்க்க வைத்த அரிசிக் கஞ்சி, கொஞ்சமாக உப்பு. ஏன் அது வேலை செய்கிறது என்று வகுப்பையே கேட்டேன். கஞ்சியில் குளுக்கோஸ் இல்லையே, குடல் சுவரின் அந்த வாயிலைத் திறக்க எது? முதலில் கொஞ்சம் சலசலப்பு, அப்புறம் உமிழ்நீர்க் குழாயை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன் எழுந்து, "மாவுச்சத்தை வெட்டிக்கிட்டே வரும் மிஸ், குளுக்கோஸ் மெதுவா வந்துக்கிட்டே இருக்கும்" என்றான்.